அண்ணனை 'பிரதர்' என்று எழுதிய தாள்

என் மேசைக்கு வந்த தாளில் 'பிரதர்' என்று இருந்தது. திரையில் அழுதுகொண்டே ஓடிவரும் சிறுமியின் வாயோ 'ஓனீ-ச்சான்' என்றது. அப்போது எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவள் ஓடிவருகிற விதத்தைப் பார்த்தாலே புரிந்தது, கூப்பிடுவது அண்ணனை. தாளில் இருந்த ஆங்கிலச் சொல் மூத்தவனா இளையவனா என்று சொல்லவில்லை.

நான் 'அண்ணா' என்று எழுதினேன். எழுதிய பிறகு தேடிப் பார்த்தேன். 'அனி' என்றால் அண்ணன், 'அனே' என்றால் அக்கா, 'ஒதோத்தோ' தம்பி, 'இமோத்தோ' தங்கை. நான்கு உறவுக்கு நான்கு சொல், நம் வீட்டில் உள்ளதைப் போலவே. ஜப்பானில் புறப்பட்ட அண்ணன், ஆங்கிலத்தில் வயதை இழந்து, தாணேயில் என் மேசைக்கு வெறும் 'பிரதர்' ஆக வந்து சேர்ந்திருந்தான்.

நான் டப்பிங்குக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள். வீடு வர்த்தக் நகரில். ஒலிப்பதிவு நாட்களில் தாணேயில் ஸ்லோ லோக்கல் ஏறி, காட்கோபரில் மெட்ரோ மாறி அந்தேரி போவேன். அந்தத் தொடரின் வசனத்தைச் சரிபார்த்தவர்களிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது: இளைஞர்கள் பார்ப்பது, 'ப்ரோ' என்று மாற்றலாமே. மாற்றவில்லை. ஒன்பது வயதுப் பெண் உயிர் போகிற பயத்தில் 'ப்ரோ' என்று கத்தமாட்டாள். இன்னொரு சிக்கல் இருந்தது. 'அண்ணா' சின்னச் சொல், அது முடிந்த பிறகும் திரையில் வாய் அசைந்துகொண்டிருந்தது. 'அண்ணா, அண்ணா' என்று இரண்டு தடவை கூப்பிட வைத்தோம். வாய் பொருந்தியது, அழுகையும் கூடியது.

அன்றிலிருந்து ஜப்பானியக் கதைகள் நம் ஊருக்கு வரும் வழியைக் கவனிக்கத் தொடங்கினேன். வழியில் எது மாறுகிறது, எது தொலைகிறது, எது தொலையவே கூடாது என்பதுதான் என் கேள்வி.

ஆச்சிக்குச் சொன்ன மௌக்லி

அந்த வழியில் நான் முதலில் நின்றது 1993-இல், பதினொரு வயதில். தாராவியில் எங்கள் சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் கலர் டிவி இருந்த வீடு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் காட்டுச் சிறுவன் மௌக்லியின் 'ஜங்கிள் புக்' இந்தியில் வரும். குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதன் தலைப்புப் பாட்டைப் பாடாத குழந்தை அன்று மும்பையில் கிடையாது. வாரம் முழுதும் முறுக்கு பிழிந்து விற்கும் எங்கள் ஆச்சியும் அந்த அரை மணி நேரம் வந்து உட்காருவாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் அவளுக்கு இந்தி வரவில்லை.

"என்னட்டி சொல்லுதான் அந்தப் பய?"

"எங்கம்மா எங்கன்னு கேக்கான், ஆச்சி."

அதுதான் என் முதல் டப்பிங். கறுஞ்சிறுத்தை பகீராவைச் சித்தப்பா ஆக்கினேன், கரடி பாலுவைத் தாத்தா ஆக்கினேன். யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாமல் ஆச்சியால் ஒரு கதையைக் கேட்க முடியாது.

அது ஜப்பான்காரர்கள் செய்த படம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. 1989-இல் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் ஜப்பானியத் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த 52 பகுதித் தொடர் அது. மூலக்கதை எழுதிய ருட்யார்ட் கிப்ளிங் 1865-இல் எங்கள் பம்பாயில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியிருந்தபோது மௌக்லி கதைகளை எழுதினார், 1894-இல் புத்தகமானது. நம் காட்டுக் கதை ஆங்கிலத்தில் பிறந்து, ஜப்பானில் படமாகி, இந்தியில் தாராவிக்குத் திரும்பி, ஆச்சிக்காகத் திருநெல்வேலித் தமிழாகியிருக்கிறது. கதைகள் இப்படித்தான் நடக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் நின்று, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

உல்டாவாகப் படிக்கிற புத்தகம்

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் முதல் மாங்கா புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில், பழக்க தோஷத்தில் இடமிருந்து புரட்டினேன். "அம்மா, இதை உல்டாவா படிக்கணும்" என்று வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். நம் புத்தகத்தின் கடைசி அட்டை இருக்கும் இடத்தில் அதற்கு முதல் அட்டை. மும்ப்ரா ஸ்டேஷனில் உருதுப் பேப்பர் வாங்குகிறவர் விரிப்பது போல வலப்பக்கமிருந்து தொடங்க வேண்டும். கட்டங்களும் வலமிருந்து இடம், பேச்சுக் குமிழ்களும் அப்படியே. இரண்டு அத்தியாயத்துக்குள் கண் பழகிவிடுகிறது.

மாங்கா என்பது ஜப்பானியப் படக்கதை, அனிமே என்பது ஜப்பானியக் கார்ட்டூன் படம். பெரும்பாலான அனிமேக்கள் மாங்காவிலிருந்து பிறப்பவை. மாங்காவின் வீடு வார இதழ். நாம் தொடர்கதைக்காக வாரப் பத்திரிகைக்குக் காத்திருந்தோமே, அதே ஏற்பாடுதான். மட்டமான தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சாகும் கனத்த இதழில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தொடர்கள் ஓடும். நல்ல வரவேற்புப் பெற்றவை பிறகு தனிப் புத்தகங்களாகும். சிறுவர்களுக்கு 'ஷோனென்', சிறுமிகளுக்கு 'ஷோஜோ', வளர்ந்த ஆண்களுக்கு 'செய்னென்', பெண்களுக்கு 'ஜோசெய்' என்று இதழ்களே வாசகர் வாரியாகப் பிரிந்திருக்கும். 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' 1990களின் நடுவில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

கறுப்பு வெள்ளைப் படக்கதை நமக்கும் புதிதல்ல. 1972-இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வரத் தொடங்கி, இரும்புக்கை மாயாவியை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. என் அண்ணன் மாட்டுங்காவில் பழைய பிரதிகளை வாங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பான். லண்டனில் பிறந்த மாயாவி தாராவியில் தமிழ் பேசியதை நாங்கள் விநோதமாக நினைத்ததே இல்லை.

திக்திக், பளபள, பொசுபொசு

மாங்கா பக்கத்தில் படத்துக்கு இணையாக இடம் பிடிப்பவை ஒலிச்சொற்கள். வெடிச் சத்தம், அடிச் சத்தம் எல்லா ஊர்ப் படக்கதையிலும் உண்டு. ஜப்பானிய மொழியிலோ சத்தமே இல்லாதவற்றுக்கும் ஒலிச்சொல் உண்டு. நெஞ்சு படபடத்தால் 'தொக்கி தொக்கி'. நட்சத்திரம் மின்னினால் 'கிரா கிரா'. துடைத்து வைத்த பாத்திரம் மின்னினால் 'பிக்கா பிக்கா'. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் 'ஃபுவா ஃபுவா'. மின்சாரம் பாய்ச்சும் பிக்காச்சுவின் பெயரில் முதல் பாதி மின்னலின் பளிச்சு, மறுபாதி எலியின் கீச்சு.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றோடு மல்லாடுவார்கள். 'ஃபுவா ஃபுவா'வை ஒரு விளக்க வாக்கியமாக நீட்டுவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். நமக்கு விளக்கமே தேவையில்லை. நெஞ்சு திக்திக், நட்சத்திரம் மினுமினு, பாத்திரம் பளபள, பூனைக்குட்டி பொசுபொசு. இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று பெயர் வைத்துப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். ஆங்கிலத் தாளில் 'அவள் பதற்றமாக இருக்கிறாள்' என்று இருக்கும் இடத்தில், திரையில் அந்தப் பெண் 'தொக்கி தொக்கி' என்று சொல்வது காதில் விழும்போது என் கை தானாக 'எனக்குத் திக்திக்குனு இருக்கு' என்று எழுதுகிறது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும் இரண்டு மொழிக்கும் பொது. அதனால் குரல் எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்குகிறதோ, அதே இடத்தில் தமிழிலும் ஏற்றி இறக்க முடிகிறது.

உதட்டுப் பொருத்தமும் அனிமேயில் அவ்வளவு கடினமில்லை. 1963-இல் ஒசாமு தெசுகா தன் 'அஸ்ட்ரோ பாய்' மாங்காவை வாராந்தரத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது, பணமும் நாளும் மிச்சப்பட, வரையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். மற்றவர்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். வாய் மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்று மூன்று படங்களிலேயே பேச்சு முழுவதும் ஓடிவிடும். நடிகரின் உதட்டுக்கு எழுதும்போது ப, ம வரும் இடங்களில் உயிரை விடவேண்டும். அனிமேக்கு எழுதும்போது நீளம் சரியாக இருந்தால் போதும், மனசைப் பொருளில் வைக்கலாம்.

பேஸ்பால் போய் கிரிக்கெட் வந்தது

எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி இல்லை. மாற்ற வேண்டியதை மாற்றுவதும் இந்தத் தொழிலின் நேர்மைதான். அதற்கு எங்கள் ஊரிலேயே நடக்கும் ஒரு கதை இருக்கிறது.

1966-இல் ஜப்பானில் 'கியோஜின் நோ ஹோஷி' என்ற மாங்கா தொடங்கியது. எழுதியவர் இக்கி கஜிவாரா, வரைந்தவர் நொபோரு கவாசாகி. வறுமையில் இருக்கும், பேஸ்பால் கனவு முறிந்துபோன தகப்பன் தன் மகனை ஈவிரக்கமில்லாமல் பயிற்றுவித்து ஆட்டக்காரனாக்கும் கதை. போரில் நொறுங்கி எழுந்துகொண்டிருந்த நாடு அந்தப் பையனில் தன்னைப் பார்த்தது. 2012 டிசம்பரில் அதே கதை 'சூரஜ்: தி ரைஸிங் ஸ்டார்' என்ற பெயரில் கலர்ஸ் தொலைக்காட்சிக்கு வந்தது. பேஸ்பால் கிரிக்கெட் ஆனது. தோக்கியோ மும்பை ஆனது. 'ஹோஷி' என்றால் நட்சத்திரம், இங்கே பையனின் பெயர் சூரியன். ஜப்பானியர்களும் ஐதராபாத்தின் டி.கியூ. என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த தொடர் அது.

மூலக்கதையில் தகப்பன் மகனின் உடம்பில் கனமான ஸ்பிரிங்குகள் பூட்டிய கவசத்தை மாட்டிவிடுவான், கை வலுவேறுவதற்காக. மும்பைக் கதையில் அந்த ஸ்பிரிங்குகள் போய், சைக்கிள் டியூப் வந்தது. இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் சாலில் பழைய சைக்கிள் டியூப் செய்யாத வேலை கிடையாது. குழாய் ஒழுகினால் டியூப், மூட்டை கட்ட டியூப், பையன்களின் உண்டிவில்லுக்கும் டியூப். யாரோ ஒருவர் மும்பையின் ஏழை வீட்டுக்குள் வந்து, அந்தத் தகப்பன் கைக்கு என்ன எட்டும் என்று பார்த்திருக்கிறார். விளையாட்டு மாறினாலும், பொருள் மாறினாலும், தன் தோல்வியைப் பிள்ளையின் தோளில் ஏற்றும் தகப்பன் மாறவில்லை. மாற்றம் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

இந்தி பேசிய பூனை

மாற்றம் வேறு விதமாகவும் நடக்கும். 'டோரேமான்' நம் வீடுகளில் குடியேறி இருபது ஆண்டுகளாகின்றன. 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இந்த நீலப் பூனை ரோபோவை 2008-இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் அனிமே தூதராகவே நியமித்தது. அது உயிரை விடுகிற 'தோராயாக்கி' இங்கே 'டோரா கேக்' ஆனது. உண்மையில் அது இரண்டு குட்டி இனிப்பு ஊத்தப்பங்களுக்கு நடுவில் சிவப்புப் பயறுப் பூரணம் வைத்தது போன்ற பண்டம். கொழுக்கட்டை தின்கிற பிள்ளைக்குக் கேக்கை விடப் பூரணம் நெருக்கம் அல்லவா?

மும்பையில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் டோரேமானிடம் இந்தி கற்றார்கள், என் மகள் உட்பட. வங்கதேசத்தில் இதுவே அரசாங்கப் பிரச்சினையானது. பிள்ளைகள் வங்காளத்தை விட்டு இந்தியில் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று 2013-இல் இந்தி டோரேமானை அங்கே தடைசெய்தார்கள். ஒரு கார்ட்டூன் பூனை எந்த மொழியில் பேசுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை என்று அந்தத் தடை எனக்குக் காட்டியது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்தவர்களின் மொழியைத்தான் வாயில் எடுத்துக்கொள்வார்கள்.

'ஷின்-சான்' கதை இன்னும் விநோதம். யோஷிதோ உசுயி 1990-இல் அதைத் தொடங்கியது பெரியவர்களுக்கான மாங்கா இதழில். வாய்த்துடுக்கான ஐந்து வயதுப் பையனை வைத்துப் பெரியவர்களின் குடும்ப வாழ்க்கையைச் சொன்ன கதை அது. இங்கே அது சிறுவர் சேனலுக்கு வந்தது, பெற்றோர்கள் கொதித்தார்கள், 2008-இல் நிறுத்தப்பட்டது, வெட்டித் திருத்திய பிறகு திரும்ப வந்தது. கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கு என்று நாம் வைத்திருக்கும் எண்ணத்தால் வந்த வினை அது. செய்னென் என்று எழுதிய அலமாரியிலிருந்து எடுத்ததை ஷோனென் அலமாரியில் வைத்துவிட்டோம்.

தோல் பட்டறையும் ஒரு சாமுராயும்

2004-இல் யுகிச்சி யமமாத்சு என்ற மாங்கா கலைஞர், வயது ஐம்பதைத் தாண்டியவர், இந்தி தெரியாமல் தில்லிக்கு வந்தார். ஹிரோஷி ஹிராதா வரைந்த ஒரு சாமுராய் மாங்காவை ஆள் பிடித்து இந்தியில் மொழிபெயர்த்து, அச்சடித்து, தெருவில் நின்று விற்றார். பணம் போனது, புத்தகம் போகவில்லை. ஊர் திரும்பி அந்த அனுபவத்தையே ஒரு மாங்காவாக வரைந்தார். அதன் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், நம் ராஜேஷ்குமாரையும் சுபாவையும் ஆங்கில வாசகரிடம் கொண்டுபோன அதே பதிப்பகம். மொழிபெயர்த்தவர் குமார் சிவசுப்ரமணியன். ஜப்பானிய மூலத்திலிருந்து மாங்காவை ஆங்கிலமாக்கும் தொழிலில் ஒரு தமிழ்ப்பெயரைப் பார்த்தபோது எனக்குள் ஒரு கதவு திறந்தது.

யமமாத்சு சுமந்துவந்த அந்தச் சாமுராய் கதையின் பின்னணியைத் தேடினேன். ஜப்பானில் தோல் பதனிடுவதும் மாடு அறுப்பதும் சில குலங்களின் வேலை என்று ஒதுக்கி, அவர்களைத் தீண்டத்தகாதவர்களாக வைத்திருந்தார்கள். இன்று அவர்களுக்கு புராக்கு மக்கள் என்று பெயர். ஹிராதாவின் 1962-ஆம் ஆண்டு மாங்காவின் நாயகன் அந்தக் குலத்தில் பிறந்தவன். சித்திரிப்பு தங்களை இழிவுபடுத்துவதாக புராக்கு மக்களின் அமைப்பு எதிர்த்தது, புத்தகம் திரும்பப் பெறப்பட்டது. 2004-இல்தான் மறுபடி அச்சானது.

என் அப்பா தாராவியில் தோல் பை தைத்தவர். தோல் வாடை பிடித்த அவர் சட்டையைப் பார்த்துப் பள்ளியில் மூக்கைப் பொத்திய பிள்ளைகள் உண்டு. ஜப்பானில் நம்மைப் போல ஒரு சனம் உண்டு என்றும், அவர்களைப் பற்றி ஒரு படக்கதை வந்தது, சண்டை நடந்தது, தோற்காமல் அவர்கள் கேள்வி கேட்டார்கள் என்றும் அப்பாவிடம் சொல்ல எனக்கு ஆசை. அவர் இல்லை. அந்தப் புத்தகமும், அதைச் சுற்றி நடந்த வாதமும் சேர்ந்து தமிழில் வரவேண்டும். தாராவியில் அதைப் படிக்க ஆள் இருக்கிறார்கள்.

நடுவில் நிற்கிறவர்கள்

இரண்டு நாடு சேர்ந்து ஒரு கதையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையிலேயே சாட்சி உண்டு. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், இந்தியாவில் ஆவணப்படம் எடுக்க வந்தபோது ராமாயணத்தில் மனம் பறிகொடுத்து, அதை அனிமேயாக்கினார். அவரோடு இயக்குநராக நின்றவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1956-இல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, இந்திய அனிமேஷனுக்கு அடித்தளம் போட்டவர். வேட்டி எப்படி மடியும், பெரியவர் காலை எப்படித் தொடுவார்கள் என்பதெல்லாம் ஜப்பானியக் கைக்குப் போய்ச் சேர நடுவில் ஒருவர் வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் முடிந்த அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழிலும் வெளியானது. தாணே மல்ட்டிபிளெக்ஸில் மகளோடு ஜப்பானிய மொழியில் பார்த்தேன். அரக்கியாக மாறிவிட்ட தங்கையை வெயில் படாமல் மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்து, அவளைத் திரும்ப மனுஷியாக்க வழி தேடும் அண்ணனின் கதையின் தொடர்ச்சி அது. 1961-இல் 'பாசமலர்' பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த சனத்துக்கு இந்த அண்ணனை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் அவன் அந்நியனாகிறான்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. தமிழில் அனிமே வருகிறது, மாங்காவும் வரட்டும். ஆனால் ஜப்பானிய மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்கு எழுதுகிறவர்களைப் பயிற்றுவித்து, அவர்களிடம் கொடுங்கள். எழுதியவர் பெயரைத் திரையிலும் அட்டையிலும் போடுங்கள். நான் எழுதிய தொடர்கள் எதிலும் என் பெயர் வந்ததில்லை. எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு வரவேண்டும்.

அவள் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஹிராகானா எழுத்துகளை எழுதி முடித்துவிட்டாள். ஒரு நோட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் ஜப்பானிய ஒலிச்சொல், வலப்பக்கம் தமிழ். அவள் வாசிப்பாள், நான் சொல்வேன். சமைத்துக்கொண்டே நூறு சொற்களைத் தாண்டிவிட்டோம். போன வாரம் ஒரு சொல்லில் நின்றோம். 'ஷீன்'. ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் மாங்காவில் எழுதுகிற சொல், அமைதியின் ஓசை. 'நிசப்தம்' என்றேன். "அது அர்த்தம், சத்தம் இல்லையே அம்மா" என்றாள். சரிதான். கட்டத்தைக் காலியாக விட்டோம்.

இரவு படுத்த பிறகு நினைவு வந்தது. ஒரு ஞாயிறு, மௌக்லி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. டிவி அணைந்து, மிஷின்கள் நின்று, தாராவியே ஒரு கணம் மூச்சுப் பிடித்தது. இருட்டில் ஆச்சி சொன்னாள்: "என்னட்டி, ஊரே கம்முன்னு கெடக்கு."

எழுந்து போய் விளக்கைப் போட்டு, நோட்டில் எழுதி வைத்தேன்.